அயலார் போரும் அயர்லாந்தின் கொடிகளும்

இஸ்ரேலருக்கும் பலஸ்தீனருக்குமிடையே மூளும் போர்கள் உலகின் பல நகரங்களிலே மக்களை இரு கட்சியாகப் பிரித்துள்ளன. இப்பிரிவினைக் காலால் நடந்து கண்ணாற் காணத்தக்க இடம் ஒன்று உண்டெனின், அது வட அயர்லாந்தின் தலைநகராகிய பெல்பாஸ்ற் ஆகும். அந்நகரின் மேற்குப் பகுதியிலே கத்தோலிக்கர் செறிந்து வாழும் போல்ஸ் வீதியும், புரட்டஸ்தாந்தர் செறிந்து வாழும் ஷங்கில் வீதியும் கூப்பிடு தூரத்தில் உள்ளன. அவற்றிற்கிடையே 1969 ஆம் ஆண்டின் கலவரங்களையொட்டி எழுப்பப்பட்ட உயர்ந்த மதில் இன்றும் நிற்கின்றது. மதிலின் ஒரு பக்கத்து விளக்குக் கம்பங்களிற் பலஸ்தீனக் கொடி பறக்கும். மறுபக்கத்திலோ தாவீதின் நட்சத்திரம் பொறித்த இஸ்ரேற் கொடி பறக்கும். பலஸ்தீனரின் இரண்டாம் எழுச்சி நடைபெற்ற 2002 ஆம் ஆண்டளவிற் பரவிய இவ்வழக்கம், 2023 ஒக்ரோபருக்குப் பின்னர் மீண்டும் வலுப்பெற்றது. கொடி கட்டும் இளைஞருள் எருசலேமைக் கண்டவர் அரியர். ஆயினும் எக்கொடி எத்தெருவுக்கு உரியது என்பதில் அவருள் ஒருவருக்கேனும் ஐயம் எழுவதில்லை.

இதனை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிடுவோர் உளர். அது பொருந்தாது. அயர்லாந்தையும் பலஸ்தீனத்தையும் இணைக்கும் கயிறு கற்பனையாற் திரிக்கப்பட்டதன்று. பிரித்தானிய ஆட்சியின் கைகளே அதனைத் திரித்தன. யூதருக்குப் பலஸ்தீனத்தில் ஒரு தேசிய இல்லம் அமைதலைப் பிரித்தானிய அரசு ஆதரிக்கும் என 1917 நவெம்பர் 2 ஆந் திகதி எழுதிய பல்பூர் பிரபு, அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் அயர்லாந்தின் பிரதம செயலாளராய் இருந்தவர். 1887 செப்தெம்பரில் மிச்சல்ஸ்ரவுன் என்னும் ஊரிலே குத்தகைக் குடியானவர் கூட்டத்தின்மீது பொலிசார் சுட்டு மூவர் இறந்தபோது, அவர் பொலிசாரின் பக்கமே நின்றார். அன்றுமுதல் ஐரிசு மக்கள் அவர் பெயருக்கு முன்னே 'இரத்தம் தோய்ந்த' என்னும் அடையைச் சேர்த்தே வழங்கினர்.

பெயரளவில் நில்லாது ஆட்களும் இடம்பெயர்ந்தனர். 1920 - 21 இல் அயர்லாந்தின் விடுதலைப் போரை அடக்குதற்கென அனுப்பப்பட்டு, ஊர்களை எரித்தமையால் இழிபெயர் ஈட்டிய 'கறுப்புக் கபிலர்' எனும் துணைப்பொலிசார், அங்கே பணி முடிந்ததும் வேலையற்றவராயினர். அவர்களுள்ளும் அவர்களோடொத்த பிறிதொரு துணைப்படையினருள்ளும் சில நூற்றுவரைத் திரட்டியே 1922 இல் பலஸ்தீனத்தின் பிரித்தானியக் காவற்படை அமைக்கப்பட்டது. அயர்லாந்திற் பொலிசுக்குத் தலைமை தாங்கிய சேனாபதி ரியூடரும் அவ்வாண்டே பலஸ்தீனம் சென்றார். எருசலேமின் தேசாதிபதியாயிருந்த சேர் றொனால்ட் ஸ்ரோஸ், பகைமை பூணக்கூடிய அராபியர் நடுவே இங்கிலாந்துக்கு விசுவாசமான சிறியதோர் யூத அல்ஸ்ரரை அமைத்தலாகவே இத்திட்டத்தைக் கருதலாம் என்னும் கருத்தைத் தம் நினைவு நூலிலே பதிந்துவைத்தார். அந்நூல் வெளிவந்த 1937 ஆம் ஆண்டிலேயே, பலஸ்தீனத்தை இரண்டாகப் பிரிக்கலாமெனப் பீல் ஆணைக்குழு விதந்துரைத்தது. தன் நாடு 1921 இல் துண்டாடப்பட்டதை ஒருபோதும் ஏற்காத டி வலெரா, ஜெனீவாவிற் சர்வதேச சங்கத்தின் முன்னே அதனைக் கண்டித்துப் பேசினார். அவர் பேசியது பலஸ்தீனத்தைப் பற்றி. நெஞ்சில் நின்றதோ அல்ஸ்ரரின் ஆறு மாவட்டங்கள்.

இம்மட்டோடு நிறுத்துவார்க்கு ஐரிசுக் குடியரசுவாதிகள் பலஸ்தீனக் கொடி ஏந்துதல் இயற்கையின் விளைவே என்று தோன்றும். வரலாறு அவ்வளவு நேரிய வழியிற் செல்லவில்லை. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் அயர்லாந்தின் கதையைத் தம் கதையாகக் கொண்டு பாடம் கேட்டோர் யூதரே. டப்ளினிற் பிறந்த யூதராகிய றொபேட் பிறிஸ்கோ, ஐரிசு விடுதலைப் படைக்கு ஆயுதம் கடத்திக் கொடுத்தவர். 1927 முதல் 1965 வரை பாராளுமன்ற உறுப்பினர். 1956 இல் டப்ளின் நகரபிதா. சியோனிசத் தீவிரப் பிரிவின் தலைவராகிய சபோதின்ஸ்கி 1938 இல் டப்ளினுக்கு வந்தபோது அவரை டி வலெராவிடம் அழைத்துச் சென்றவரும், ஒரு சிறு படை பேரரசை எதிர்க்கும் வகையை அவருக்கு எடுத்துரைத்தவரும் அவரே. பின்னாளில் இஸ்ரேலின் பிரதமராகிய யிற்சாக் ஷமீர், பிரித்தானியருக்கு எதிராகத் தலைமறைவாயிருந்து போரிட்ட காலத்திலே 'மைக்கல்' என்னும் புனைபெயர் பூண்டார். மைக்கல் கொலின்ஸ் என்னும் ஐரிசுத் தளபதியின் நினைவாகவே அப்பெயர் கொள்ளப்பட்டது. அயர்லாந்தின் பிரதம யூதகுருவாயிருந்த யிற்சாக் ஹேர்சொக் ஐரிசு விடுதலையை ஆதரித்தவர். டி வலெராவின் நண்பர். 1937 இன் அயர்லாந்து அரசியலமைப்பு யூத சபைகளைப் பெயர் சுட்டி ஏற்றுக்கொண்டது. அக்கால ஐரோப்பாவிலே யூதர் எந்நிலையில் இருந்தனர் என்பதை நினைப்பார்க்கு அதன் அருமை விளங்கும். அயர்லாந்து இவ்விடயத்தில் மாசற்றது என்பது இதனாற் பெறப்படாது. 1904 இல் லிமெரிக் நகரிலே பாதிரியார் ஒருவரின் பிரசங்கத்தாற் தூண்டப்பட்டு யூத வணிகர் பகிஷ்கரிக்கப்பட்டமையும் அந்நாட்டு வரலாறே.

ஆகவே 'பேரரசை எதிர்த்த சிறிய இனம்' என்னும் ஒரே ஞாபகம், ஒருகாலத்தில் யூதரின் பக்கமும் பிறிதொரு காலத்திற் பலஸ்தீனரின் பக்கமும் ஐரிசு மக்களை ஈர்த்திருக்கின்றது. ஞாபகம் மாறவில்லை, 'பேரரசு' யார், 'சிறிய இனம்' யார் என்னும் விடையே மாறியது.

மாற்றம் ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. 1948 இல் இலட்சக்கணக்கான பலஸ்தீனர் வீடிழந்தமையும், 1967 யூன் மாதப் போரின்பின் மேற்குக் கரையும் காஸாவும் இஸ்ரேலின் பிடிக்குள் வந்தமையும் முதற் காரணங்கள். பஞ்சத்தாலும் குடியெழுப்பலாலும் கடல் கடந்த முன்னோரை உடைய மக்களுக்கு அகதி முகாம் என்பது விளக்கம் வேண்டாத சொல். மேற்குக் கரையிற் குடியேற்றங்கள் பெருகப் பெருக, 1609 முதலாக அல்ஸ்ரரில் ஸ்கொத்லாந்தரும் ஆங்கிலேயரும் குடியேற்றப்பட்ட வரலாறு ஐரிசு மக்களின் நினைவுக்கு வரலாயிற்று. அதே ஆண்டுகளில் வட அயர்லாந்திலே மூண்ட கலகம், குடியரசுவாதிகளை உலக விடுதலை இயக்கங்கள் யாவற்றுடனும் தம்மை ஒப்பிடச் செய்தது. 1978 முதல் ஐரிசுப் படைவீரர் ஐக்கிய நாடுகள் தாபனத்தின் சார்பில் தென் லெபனானிற் காவல் புரிந்துவந்தனர். 1980 ஏப்பிரிலில் அவருள் இருவரை, இஸ்ரேல் ஆதரித்த ஆயுதக் குழுவினர் கடத்திக் கொன்றனர். இத்தகைய இழப்புக்கள் சிற்றூர்களிற் கூட அப்போரை வீட்டுச் செய்தியாக்கின. (2022 டிசெம்பரில் அங்கே ஐரிசு வீரர் ஒருவர் கொல்லப்பட்டபோது குற்றஞ் சாட்டப்பட்டோர் மறுதரப்பாகிய ஹிஸ்புல்லாவைச் சார்ந்தோர் என்பதும் மறக்கற்பாலதன்று.) 1980 பெப்ரவரியிலே, பலஸ்தீனருக்குத் தனியரசு அமைக்கும் உரிமை உண்டென ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தின் நாடுகளுள் முதன்முதலாக அயர்லாந்து அறிவித்தது.

ஷங்கில் வீதியின் கதை வேறு. தென்பகுதிக் கத்தோலிக்கரின் பெருந்தொகைக்கு அஞ்சி, 1688 - 89 இல் டெரி நகர் முற்றுகையைத் தாங்கி நின்ற தம் முன்னோரை ஆண்டுதோறும் கொண்டாடும் மக்கள் அவர்கள். நாற்புறமும் பகைவர் சூழ நிற்கும் சிறிய நாடு என்னும் இஸ்ரேலின் தன்சித்திரம் அவர்களுக்குத் தம் முகம் பார்க்கும் கண்ணாடி. விவிலியத்தின் பழைய ஏற்பாட்டை நெருங்கிக் கற்ற சமயமரபும் அதற்குத் துணை. அவர்கள் போற்றும் வீரர் ஒருவரும் உளர். லோங்போட் மாவட்டத்திற் பிறந்த ஜோன் பற்றேசன் என்பார், 1915 இற் கலிப்பொலியில் யூதர் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். அதற்குச் சற்று முன்னர் பெல்பாஸ்றில் அல்ஸ்ரர் தொண்டர் படையிற் பணிபுரிந்தவர். ஆயினும் உண்மையை மறைக்காது கூறின், பல கம்பங்களில் இஸ்ரேற் கொடி ஏறியதற்கு நேர்க்காரணம் மதிலுக்கு அப்பால் மற்றக் கொடி ஏறியமையே. முடிவிசுவாசிகளின் ஆயுதக் குழுக்களுட் சில, இங்கிலாந்தின் நாஸி அனுதாபிகளோடு உறவு கொண்டிருந்தன. நாஸிகளின் நண்பர் தாவீதின் நட்சத்திரத்தை ஏற்றுதல் எத்தகைய யூத நேசம் என்று கேட்பார் அங்கே இலர்.

2023 ஒக்ரோபர் 7 ஆந் திகதி ஹமாஸ் இயக்கத்தினர் இஸ்ரேலினுட் புகுந்து ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்று, ஏறத்தாழ 250 பேரைப் பணயமாகக் கொண்டுசென்றனர். அதன்பின் காஸாவில் நிகழ்ந்த போரில் இறந்தோர் தொகை 2025 யூலை முடிவில் 60,000 ஐக் கடந்ததென அங்குள்ள சுகாதார அமைச்சு அறிவித்தது. 2025 ஒக்ரோபரிற் போர்நிறுத்தம் ஒன்று வந்தது. இவ்விரு ஆண்டுகளிலும் அயர்லாந்து மேற்குலகின் ஏனைய நாடுகளிலும் முந்திச் சென்றது. 2024 மே மாதம் டப்ளின் திரித்துவக் கல்லூரி மாணவர் முற்றத்திலே கூடாரமிட்டு, கெல்ஸ் நூல் வைக்கப்பட்டுள்ள மண்டபத்தின் வாயிலை மறித்தனர். முந்திய மறியல்களுக்காக மாணவர் சங்கத்தின்மீது கல்லூரி 214,285 யூரோ தண்டம் விதித்திருந்தது. ஐந்து நாளில் நிருவாகம் இணங்கி, ஆக்கிரமிக்கப்பட்ட பிரதேசங்களிற் தொழில் நடத்தும் இஸ்ரேற் கம்பனிகளிலிருந்து முதலை மீட்க உடன்பட்டது. அம்மாதம் 28 ஆந் திகதி அயர்லாந்து, ஸ்பெயின், நோர்வே என்னும் மூன்று நாடுகளும் பலஸ்தீன அரசை அங்கீகரித்தன. டிசெம்பரில் இஸ்ரேல் தன் டப்ளின் தூதரகத்தை மூடுவதாக அறிவித்தது.

இப்பற்றுறுதியை நீதியுணர்வு அன்று எனக் கூறுதல் அடாது. தன் வீட்டு ஞாபகமே அயலான் துயரைக் காணக் கண் கொடுக்கின்றது என்பதற்கு அயர்லாந்து நல்ல சான்று. ஆனால் அக்கண்ணுக்கு ஒரு மறைவிடமும் உண்டு. அல்ஸ்ரருக்கு வந்த குடியேறிகளுக்குப் பின்னே லண்டன் இருந்தது. ஐரோப்பாவின் கொலைக்களங்களிலிருந்து தப்பிப் பலஸ்தீனம் அடைந்த யூதருக்குத் திரும்பிச் செல்லத் தாய்நாடு ஒன்றும் இருந்ததில்லை. அராபிய நாடுகளிலிருந்து ஓடிவந்த யூதருக்கும் அவ்வாறே. ஒப்புமை இதனைக் காட்டாது. 2023 நவெம்பரிற் பணயத்திலிருந்து மீண்ட ஐரிசு - இஸ்ரேற் சிறுமி ஒருத்தியைப் பற்றி, காணாமற் போன பிள்ளை கிடைத்துவிட்டாள் எனப் பொருள்பட அயர்லாந்தின் பிரதமர் வரட்கர் எழுதியபோது, இஸ்ரேல் கொதித்தெழுந்து ஐரிசுத் தூதுவரை அழைத்துக் கண்டித்தது. தீயநோக்கில் எழுதப்பட்ட சொற்களல்ல அவை. ஆயினும் கடத்தியவர் யார் என்பது அவற்றில் இடம்பெறவில்லை. மறுபுறம், இஸ்ரேற் கொடியின்கீழ் நிற்கும் பெல்பாஸ்ற் இளைஞனுக்குக் காஸாவின் தாய் ஒருத்தி மதிலுக்கு அப்பாலுள்ளவர்களின் உறவினளாகவே தோன்றுகின்றாள். அவளுடைய பிள்ளைக்காகத் துக்கப்படுதல் அயல்தெருவுக்குப் பணிதல் போலாகிவிடுகின்றது.

ஒப்புமையைச் செயலிலே சோதித்துப் பார்த்தவர் ஒருவரும் உளர். 1998 ஏப்பிரில் 10 ஆந் திகதி பெல்பாஸ்ற் உடன்படிக்கையாக முடிந்த பேச்சுவார்த்தைகளுக்குத் தலைமை தாங்கிய அமெரிக்கராகிய ஜோர்ஜ் மிற்செல், 2009 சனவரியில் மத்திய கிழக்கு விசேட தூதுவராக நியமிக்கப்பட்டார். வட அயர்லாந்தில் ஏறத்தாழ 3,500 உயிர்களைக் கொண்ட கலகத்தைத் தீர்க்க உதவிய பொறுமை அங்கும் உதவும் என்று பலர் நம்பினர். 2011 மே மாதத்தில் அவர் பயன் காணாது பதவி துறந்தார். அதே மனிதர், அதே பொறுமை. பெல்பாஸ்றிலே பெரும்பாலான கட்சிகள் வாக்குப் பெற்று மேசைக்கு வந்தன. இரு அரசுகள் அவற்றின் பின்னே ஒருமித்து நின்றன. ஒரு தரப்பு மற்றத் தரப்பின் நிலத்திற் படையாட்சி நடத்தவில்லை. இவற்றுள் ஒன்றேனும் அங்கே அவருக்கு வாய்க்கவில்லை.

இரு கொடிகளுக்கும் நடுவே அகப்பட்டோர் அயர்லாந்தின் யூதர். 1946 இல் தென்பகுதியில் அவர் தொகை ஏறத்தாழ 3,900. 2022 இன் குடிசன மதிப்பில் ஏறத்தாழ 2,200. வடக்கிலோ சில நூற்றுவரே. முன்னர்க் குறிப்பிட்ட யூதகுருவின் மகன் சைம் ஹேர்சொக் 1918 இற் பெல்பாஸ்றிற் பிறந்து, டப்ளினில் வளர்ந்து, 1983 முதல் 1993 வரை இஸ்ரேலின் சனாதிபதியாயிருந்தார். டப்ளினில் யூதர் பாடசாலை ஒன்றின் அயலிலே அவர் பெயரால் ஒரு பூங்கா உண்டு. 2025 ஆம் ஆண்டின் இறுதியில் அப்பெயரை நீக்கும் யோசனை நகரசபைக்கு வந்து, பிரதமர் உட்படப் பலரின் எதிர்ப்பின்பின் குழுவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. பெல்பாஸ்றில், மதில்கள் செறிந்த வட பகுதியிலே, அவர் பிறந்த வீட்டின் சுவரில் 1998 இல் நினைவுப் பலகை ஒன்று பதிக்கப்பட்டது. 2014 ஆம் ஆண்டின் காஸாப் போரின்போது அவ்வீடு மீண்டும் மீண்டும் தாக்கப்பட்டமையால் பலகை கழற்றப்பட்டது. வீட்டில் அப்போது குடியிருந்தோரின் பாதுகாப்புக் கருதியே அவ்வாறு செய்யப்பட்டது.