இசைக்குழுவின் முன் ஓர் இடம்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ் இளையோரும் இசை நடத்துநர் பணியும்

முன்னுரை

2025ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் இலண்டன் மாநகரில் இளையராஜாவின் 'வேலியண்ட்' எனும் சிம்பொனி அரங்கேறியது. இசைத்தது ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு. நடத்தியவர் மிக்கல் டாம்ஸ். தமிழர் ஒருவர் எழுதிய சிம்பொனி அயலக அரங்கில் ஒலித்தது நமக்குப் பெருமை தருவதே. அந்நிகழ்ச்சி ஒரு வினாவையும் உடன் எழுப்புகின்றது. இசையை எழுதுவோர் நம்மிடையே உளர், வாசிப்போரும் உளர். ஆயின், அத்தகைய இசைக்குழுவின் முன் கோலேந்தி நின்று அதனை வழிநடத்தும் பணிக்கு நம் இளையோர் எவ்வழியாக வந்து சேர்வர்?

இப்பணியின் இயல்பு யாது, அதற்குள் நுழைவோர்க்குத் தடை எங்கே உள்ளது, அத்தடையை நீக்கும் ஆதரவு எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்னும் மூன்றினையும் கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரச் சூழலில் வைத்து விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். 'நடத்துநர்' என்பது தமிழ்நாட்டு வழக்கில் பேருந்தில் சீட்டு வழங்குபவரைக் குறிக்கும். 'இசை இயக்குநர்' என்பதோ திரைப்படத்திற்கு இசையமைப்பவரைக் குறித்து நிலைத்துவிட்டது. எனவே, பல்லியக் குழுவைக் கையசைவால் வழிநடத்துபவரை இக்கட்டுரை 'இசை நடத்துநர்' என்றே குறிப்பிடுகின்றது. இப்பணிக்கு நம்மிடம் உறுதியான பெயர் ஒன்று இல்லாமையே, அது நம் இளையோரின் கனவுப் பட்டியலில் இடம்பெறாமைக்கு ஒரு சான்று எனலாம்.

ஓசை எழுப்பாத கலைஞர்

இசை நடத்துநர் மேடையில் தாம் எந்த ஓசையும் எழுப்புவதில்லை. வலக்கை காலத்தைக் காட்டும். நான்கு எண்ணிக்கை கொண்ட அளவாயின் கை கீழே, இடப்புறம், வலப்புறம், மேலே எனச் செல்லும். இடக்கை ஒலியின் வன்மை மென்மையை உணர்த்தும். நெடுநேரம் காத்திருக்கும் கருவியாளர் எப்போது நுழைய வேண்டும் என்பதைச் சுட்டும். எல்லாக் கருவிகளின் பகுதிகளையும் ஒரே பக்கத்தில் அடுக்கிய முழு இசைக்குறிப்பை அவர் முன்னரே ஆழ்ந்து கற்றிருப்பார். ஒத்திகையின்போது எங்கே பிழை நிகழ்ந்தது, அது எவரால் நிகழ்ந்தது, எச்சொல்லால் அதனைத் திருத்துவது என்பனவற்றை நொடிப்பொழுதில் முடிவு செய்வார்.

நம் மரபில் இதற்கு நெருக்கமானவர் நட்டுவனார். தாளம் தட்டிச் சொற்கட்டு உரைத்து ஆடுவோரையும் இசைப்போரையும் ஒருங்கே கொண்டு செல்பவர் அவர். எனினும், நட்டுவனாரின் தாளம் செவிக்குக் கேட்கும். இசை நடத்துநரின் கை கண்ணுக்கு மட்டுமே தெரியும். மற்றொரு நுட்பமான வேறுபாடும் உண்டு. கருநாடக இசை பயிலும் சிறுவர் தட்டு, வீச்சு, விரல் எண்ணுதல் ஆகியவற்றால் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை முதற்பாடத்திலேயே கையில் பழகுகின்றனர். அக்கை, தாளச் சுற்றில் நாம் நிற்கும் இடத்தைக் காட்டுகின்றது. இசை நடத்துநரின் கையோ இனி வரவிருக்கும் ஓசையைச் சற்று முன்னதாகவே காட்ட வேண்டும். காலத்தைக் கையால் காட்டும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் முன்னரே வேரூன்றியுள்ளது. அதனை முன்னோக்கித் திருப்புவதே அவர்கள் புதிதாகக் கற்க வேண்டுவது.

தடை எங்கே உள்ளது?

வயலின் பயில்பவரிடம் வயலின் உண்டு. மிருதங்கம் பயில்பவர் இரவெல்லாம் சாதகம் செய்யலாம். இசை நடத்துநரின் கருவியோ அறுபது முதல் நூறு பேர் வரையிலான மனிதர். அக்கருவியை வீட்டிற்கு எடுத்துச் செல்ல இயலாது. கண்ணாடி முன் நின்று கையசைத்துப் பழகலாம்; ஆனால் கண்ணாடி தவறாக வாசிக்காது; திருத்தமும் கேட்காது. ஆகவே, ஓர் இசைக்குழுவின் முன் நிற்கக் கிடைக்கும் நிமிடங்களே இக்கலையின் உண்மையான கல்வி. அந்நிமிடங்கள் எவருக்குக் கிடைக்கின்றன என்பதே இப்பணியில் எவர் நிலைப்பர் என்பதைப் பெரிதும் முடிவு செய்கின்றது.

வரலாறு இதனை மெய்ப்பிக்கின்றது. ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் தந்தை மியூனிக் அரசவை இசைக்குழுவின் கொம்புக் கலைஞர். கார்லோஸ் கிளைபரின் தந்தை எரிக் கிளைபரே புகழ்பெற்ற இசை நடத்துநர். 1936இல் மும்பையில் பிறந்த சுபின் மேத்தாவின் தந்தை மெஹ்லி மேத்தா பம்பாய் சிம்பொனி இசைக்குழுவை நிறுவியவர். சுபின் பதின்ம வயதிலேயே தந்தையின் குழுவுக்கு ஒத்திகை நடத்தும் வாய்ப்பினைப் பெற்றார். இவர்தம் திறமையில் ஐயமில்லை. ஆயினும், இசைக்குழு இவர்களுக்குக் குடும்பச் சூழலிலேயே அமைந்திருந்தது என்பதையும் மறத்தலாகாது. தோட்டப்புறத்திலிருந்து நகரத்திற்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைக்கு அத்தகைய வீடு வாய்ப்பது அரிது.

ஐந்து நிலையத் தொலைவு

மலேசியாவில் இசைக்குழுக்களுக்குப் பஞ்சமில்லை. தேசிய சிம்பொனி இசைக்குழு 1993இல் தொடங்கப்பட்டது. மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழு 1998ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்திலுள்ள தன் அரங்கில் முதல் நிகழ்ச்சியைப் படைத்தது. அதன் இளையோர் இசைக்குழு 2006இல் தோற்றுவிக்கப்பட்டு 2007இல் முதன்முறை மேடையேறியது. செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியாப் பல்கலைக்கழகமும் செராஸிலுள்ள யுசிஎஸ்ஐ பல்கலைக்கழகமும் இசைப் படிப்புகளை வழங்குகின்றன.

மறுபுறம், பிரிக்பீல்ட்ஸ் நம் இசையின் உறைவிடமாகத் திகழ்கின்றது. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் நிறுவிய நுண்கலைக் கோயிலில் வாய்ப்பாட்டும் வயலினும் மிருதங்கமும் பரதமும் கற்பிக்கப்படுகின்றன. ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலில் நாதசுவரமும் தவிலும் ஒலிக்கின்றன. வட்டாரத்துத் தமிழ்க் கிறித்தவ ஆலயங்களில் பாடற்குழுக்கள் பல குரல்களை இணைத்துப் பாடுகின்றன. கிள்ளானில் தெங்கு கிளானா சாலையைச் சூழ்ந்த பகுதியிலும் இசையறிவு கொண்ட இல்லங்கள் பல உண்டு.

கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து இலகு இரயிலில் கேஎல்சிசி ஐந்தாவது நிலையம். தொலைவு அவ்வளவே. ஆனால், ஐந்துகோட்டு இசைக்குறிப்பைப் படிக்கும் பயிற்சி, இசைக்குழுக் கருவி ஒன்றில் தேர்ச்சி, தனிப்பயிற்சிக் கட்டணம், 'இஃது உனக்கும் உரிய இடமே' என்று கூறும் ஒருவர் ஆகிய நான்கும் இல்லாதவர்க்கு அத்தொலைவு கடத்தற்கரியது. கிள்ளானிலிருந்து வரும் பிள்ளைக்கு வார இறுதி ஒத்திகை என்பது பயணச் செலவையும் பெற்றோரின் ஒரு நாள் உழைப்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டிய ஒன்றாகின்றது.

இத்தொலைவைக் கடந்தோரும் உளர். மலேசிய பில்ஹார்மோனிக்கின் தொடக்கக் காலத்தில் அதன் வதிவிட நடத்துநராக விளங்கிய ஊய் சீன் சீ ஒரு மலேசியப் பெண்மணி. மலேசிய இந்தியரான ஹரீஷ் சங்கர் ஜெர்மனியில் பயின்று, மலேசிய பில்ஹார்மோனிக்கில் நடத்துநராகப் பணியாற்றி, ஜெர்மனியின் மைனிங்கன் நகர அரங்கிலும் பொறுப்பேற்றவர். இவர்களைச் சுட்டுவது முயன்றால் எவரும் வெல்லலாம் என்று கூறுவதற்கன்று. வழி உண்டு என்பதற்கு இவர்கள் சான்று. அவ்வழி எத்துணைக் குறுகியது என்பதற்கும் இவர்களே சான்று.

எத்தகைய ஆதரவு?

மைனிங்கன் நகரம் இங்கு வேறொரு வகையிலும் நினைக்கத்தக்கது. அந்நகரின் அரசவை இசைக்குழுவை நடத்திய ஹான்ஸ் ஃபான் பியூலோ 1885இல், 21 வயதே நிரம்பிய ஸ்ட்ராஸைத் தம் உதவியாளராக அமர்த்தினார். ஒத்திகைகளில் உடனிருந்து கற்ற ஸ்ட்ராஸிடம், பியூலோ விலகியதும் குழுவின் பொறுப்பே வந்து சேர்ந்தது. சுபின் மேத்தா 1958இல் லிவர்பூல் போட்டியில் வென்றபோது பெற்ற பரிசும் அவ்வூர் இசைக்குழுவில் ஓராண்டு உதவி நடத்துநர் பணியே. 1990இல் பர்மிங்காமில் பிறந்த இந்திய வம்சாவளியினரான அல்பேஷ் சௌஹான், அந்நகர சிம்பொனியின் இளையோர் குழுவில் செல்லோ வாசித்து, பின்னர் 2014 முதல் 2016 வரை அதே நிறுவனத்தில் உதவி நடத்துநராகப் பணியாற்றினார். பெண் நடத்துநர்களுக்கென மாரின் ஆல்சாப் 2002இல் தொடங்கிய நல்கைத் திட்டமும் பணத்துடன் மேடை வாய்ப்பையும் வழிகாட்டலையும் இணைத்தே வழங்குகின்றது.

இவற்றின் பொதுக்கூறு ஒன்றே: கற்பவருக்கு இசைக்குழுவிற்குள் ஓர் இடம் தரப்படுகின்றது. இது நமக்குப் புதிதன்று. நாதசுவர மேளத்தில் புதிய மாணாக்கர் ஒத்து ஊதும் இடத்தில் அமர்வதுண்டு. 'ஒத்து ஊதுதல்' இன்று இகழ்ச்சிப் பொருள் பெற்றிருப்பினும், அவ்விடமே அவருக்குப் பள்ளி. ஆசானின் மூச்சையும் தவிலோடு அவர் கொள்ளும் உறவையும் மாணாக்கர் அங்கிருந்தே கற்கின்றார். இசை நடத்துநராக விழைவோர்க்கும் அத்தகைய ஓர் இருக்கை வேண்டும்.

ஆகவே, உதவ விழையும் அறநிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் கல்விக் கட்டணத்தோடு நின்றுவிடுதல் போதாது. ஊதியத்தோடு கூடிய உதவி நடத்துநர் பணி, ஆண்டுதோறும் உறுதி செய்யப்பட்ட ஒத்திகை நேரம், அந்நேரத்தின் ஒளிப்பதிவு, மூத்த நடத்துநர் ஒருவரின் கருத்துரை ஆகியன தேவை. அயல்நாட்டுப் போட்டிகளுக்கும் பயிலரங்குகளுக்கும் விண்ணப்பிப்போர் தாம் இசைக்குழுவை நடத்தும் ஒளிப்பதிவை அனுப்ப வேண்டியிருப்பதால், பதிவு இல்லாதவர் வாயிலிலேயே நின்றுவிடுகின்றார். முதல் முயற்சியில் தடுமாறுபவருக்கு மறுமுறை நிற்கும் வாய்ப்பும் இன்றியமையாதது. குடும்பப் பின்புலம் உடையோர்க்கு அம்மறுவாய்ப்பு இயல்பாகவே கிட்டுகின்றது.

தமிழாசிரியரின் பங்கு

இதில் தமிழாசிரியர் செய்யக்கூடுவது என்ன? மனிதக் குரல்களே மிக எளிதில் திரட்டத்தக்க இசைக்குழு. எம்.பி. சீனிவாசன் 1971இல் தோற்றுவித்த சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு, தமிழ்ப் பாடல்களைப் பல குரல் இணைவில் பாடவியலும் என்பதைக் காட்டிற்று. தமிழ்ப்பள்ளிகளிலும் பாடற்குழுக்கள் அமைகின்றன. ஆனால், அவற்றின் முன் நிற்பவர் பெரும்பாலும் ஆசிரியரே. ஒவ்வொரு பயிற்சியிலும் பத்து நிமிடங்கள் மாணவர் ஒருவர் முன்னின்று நடத்தட்டும். தொடங்குவது, நிறுத்துவது, பிழையைப் பண்போடு திருத்துவது ஆகிய மூன்றையும் அவர் பழகட்டும். சுரக்குறிப்போடு ஐந்துகோட்டுக் குறிப்பையும் இயன்ற அளவு அறிமுகம் செய்யலாம். ஆர்வமுள்ள மாணவருக்கு இளையோர் இசைக்குழுத் தேர்வுகள் பற்றிய செய்தியைத் தெரிவித்து, விண்ணப்பம் நிரப்பவும் துணைநிற்கலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை.

முடிவுரை

இசை நடத்துநர் பணி பிறவிப் பேறு என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. பிறவித் திறன் வேண்டும் என்பது உண்மையே. ஆனால், அத்திறன் இருக்கின்றதா என்பதைக்கூட ஓர் இசைக்குழுவின் முன் நின்றால் அன்றி எவரும் அறிய இயலாது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப் பிள்ளைகளுள் எத்தனை பேரிடம் அத்திறன் உள்ளது என்பதை நாம் இன்னும் சோதித்தே பார்க்கவில்லை. அச்சோதனையை அவர்களுக்கு வழங்குவது பல்கலைக்கழகங்கள், இசை நிறுவனங்கள், பள்ளிகள் ஆகிய மூன்றின் கூட்டுப் பொறுப்பாகும். அவற்றுள் பள்ளியின் பங்கு, வரும் வாரப் பாடற்பயிற்சியிலேயே தொடங்கத்தக்கது.