தண்டனைக்கு முடிவுநாள் உண்டா?

கிரேக்க நாட்டின் தலைசிறந்த நாவலராகிய தெமொஸ்தெனிஸ், தம் அறுபதாம் அகவையை அடுத்து, ஒரு வழக்கிலே அகப்பட்டார். மாவீரன் அலெக்சாந்தரின் பொருளாளன் ஒருவன் பெருந்தொகைப் பணத்தோடு ஏதென்ஸ் நகருக்கு ஓடிவந்தான். அப்பணத்தில் ஒரு பங்கைக் கையூட்டாகப் பெற்றார் என்பது நாவலர்மீது சுமத்தப்பட்ட குற்றம். நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனக் கண்டு, ஐம்பது தாலந்து தண்டம் விதித்தது. அத்தொகையைக் கட்ட வழியின்றிச் சிறைப்பட்ட அவர், தப்பிச் சென்று அயல்தீவொன்றில் அடைக்கலம் புகுந்தார்.

கி. மு. 323 இல் அலெக்சாந்தர் இறந்தான். ஏதென்ஸ் மக்களுக்குத் தம் நாவலர் மீண்டும் தேவைப்பட்டார். அவரை ஆரவாரத்தோடு வரவேற்றனர். ஆனால் ஒரு தடை நின்றது. விதித்த தண்டத்தை மன்னிப்பதற்கு அந்நகரின் சட்டத்தில் இடமில்லை. அதற்கு அவர்கள் ஒரு வழி கண்டனர். திருவிழாக் காலத்தில் சேயுசுக் கடவுளின் பலிபீடத்தை அணிசெய்வோருக்குப் பொதுப்பணத்திலிருந்து கூலி வழங்குவது வழக்கம். அப்பணியைத் தெமொஸ்தெனிசுக்கு அளித்து, கூலி ஐம்பது தாலந்து என்று நிர்ணயித்தனர். தண்டம் தீர்ந்தது. இச்செய்தியைப் புளூட்டாக் தமது வாழ்க்கை வரலாற்று நூலிலே எழுதிவைத்திருக்கிறார்.

இத்துணைச் சூழ்ச்சி எதற்கு என்று வாசகர் வினவலாம். ஏதென்ஸ் நகரில் அரசுக்குக் கடன்பட்டவன் ‘அதிமியா’ என்னும் நிலைக்கு உள்ளாவான். அதிமியா என்றால் மதிப்பிழத்தல் என்று பொருள். மதிப்பிழந்தவன் மக்கள் மன்றிலே பேசலாகாது. சந்தை வெளியிலும் கோயிலிலும் கால் வைக்கலாகாது. தனக்குத் தீங்கிழைத்தவன்மீது வழக்குத் தொடரவும் இயலாது. ஊரிலே உலவியும் ஊரவன் அல்லன். கடனைத் தீர்க்காமல் அவன் இறந்துபோனால், கடனும் இழிவும் மகன் தலையில் ஏறும்.

இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய இவ்வரலாற்றை இன்று நினைவுகூரக் காரணம் உண்டு. நம் காலத்திலே, ஐக்கிய அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள புளோரிடா மாநிலத்தில், இலட்சக்கணக்கான மக்கள் ஏறக்குறைய இதே நிலையில் நிற்கின்றனர். குற்றம் செய்தவர் தண்டனையை அனுபவித்து முடித்தபின், மீண்டும் முழுக் குடிமகனாவது எப்போது? இவ்வினாவுக்கு அங்கே கிடைத்த விடைகள் ஆராயத்தக்கவை.

போருக்குப் பின் வந்த விலக்கு

ஐக்கிய அமெரிக்கச் சட்டம் குற்றங்களை இரு கூறாக்கும். ஓராண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனைக்குரியவை ‘பெலனி’ எனப்படும். பெருங்குற்றம் என்று நாம் கூறலாம். கொலை மட்டுமன்றி, குறித்த பெறுமதிக்கு மேற்பட்ட களவும் போதைப்பொருள் வைத்திருத்தலும் இவ்வகுப்பில் அடங்கும். பெருங்குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றவர் புளோரிடாவில் வாக்களிக்கும் உரிமை, யூரியாக அமரும் உரிமை, பொதுப் பதவி வகிக்கும் உரிமை ஆகிய மூன்றையும் இழப்பார்.

இவ்விலக்கு எப்போது உறுதிபெற்றது என்பதை நோக்குதல் வேண்டும். 1865 இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தது. 1867 இல் அமெரிக்கக் காங்கிரஸ், கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை வழங்குமாறு தென்மாநிலங்களைப் பணித்தது. அடுத்த ஆண்டிலேயே புளோரிடா தன் புதிய அரசியலமைப்பை வகுத்தது. கறுப்பின ஆண்களுக்கு அதில் வாக்குரிமை கிடைத்தது. பெருங்குற்றத் தீர்ப்புப் பெற்றவர் எவருக்கும் வாக்கில்லை என்னும் விதியும் உடன் சேர்ந்து வந்தது. அதற்கு முன்னரும் குற்றவாளிகளை விலக்கச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் இருந்ததுண்டு. ஆயினும் விடுதலை பெற்ற அடிமைகளை அற்ப காரணங்களுக்காகவும் தண்டிக்கும் சட்டங்கள் இயற்றப்பட்டிருந்த சூழலில், புதிய விதி யார்மீது விழும் என்பது வெளிப்படை. நூற்றைம்பது ஆண்டு கழித்தும் அதன் வடு மாறவில்லை. 2016 இல் எடுத்த மதிப்பீட்டின்படி, புளோரிடாவில் வாக்களிக்கும் வயதை அடைந்த கறுப்பின மக்களுள் ஐவருள் ஒருவருக்கு வாக்கு இல்லை.

இத்தகைய விலக்குச் செல்லுமா என்ற கேள்வி, கலிபோர்னியா மாநிலத்து வழக்கொன்றில் 1974 இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. செல்லும் என்பதே தீர்ப்பு. அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தமே குற்றம் புரிந்தோரை விலக்குவதற்கு இடம் வைத்துள்ளது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். அன்றுதொட்டு இது ஒவ்வொரு மாநிலத்தின் விருப்பமாயிற்று. மேயின், வேர்மொண்ட் ஆகிய இரு மாநிலங்களில் சிறையில் இருப்பவர்கூட வாக்களிக்கிறார். வேறு பல மாநிலங்களில் சிறைக் கதவு திறந்ததும் உரிமை திரும்புகிறது. புளோரிடாவிலோ விலக்கு ஆயுட்காலம் முழுவதற்கும் உரியதாய் நின்றது.

அருளா? உரிமையா?

விலக்கை நீக்க ஒரு வழி மட்டும் இருந்தது. ஆளுநரும் அமைச்சர் மூவரும் அடங்கிய கருணைச் சபையிடம் விண்ணப்பித்தல் வேண்டும். அச்சபை ஆண்டில் நான்கு முறை தலைநகர் டலஹாசியில் கூடும். அதன் கதவு ஆளுநரின் மனப்பாங்குக்கு ஏற்ப அகலும், குறுகும். 2007 இல் ஆளுநர் சார்லி கிறிஸ்ட் வழியை எளிதாக்கினார். அவர் காலத்தில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் உரிமை மீண்டனர். 2011 இல் பதவியேற்ற றிக் ஸ்கொட், தண்டனை முடிந்தபின் ஐந்து அல்லது ஏழு ஆண்டுகள் காத்திருந்தே விண்ணப்பிக்கலாம் என விதித்தார். அவருடைய எட்டாண்டு ஆட்சியில் உரிமை பெற்றவர் ஏறக்குறைய மூவாயிரவரே.

அச்சபை இயங்கிய விதத்தை மார்க் வோக்கர் என்னும் நீதிபதி 2018 பெப்ரவரியில் தமது தீர்ப்பின் முகப்பிலேயே காட்டினார். உரிமை இழந்த வெள்ளையர் ஒருவர் 2010 இல் சட்டத்துக்கு மாறாக வாக்களித்திருந்தார். சபைமுன் வந்தபோது ஆளுநர் அதுபற்றி வினவ, தாம் அவருக்கே வாக்களித்ததாக அம்மனிதர் விடையிறுத்தார். ஆளுநர் சிரித்தார்; உரிமையும் வழங்கினார். அதே தவற்றைச் செய்த வேறு சிலரோ வெறுங்கையோடு திரும்பினர். கொடுப்பதற்கும் மறுப்பதற்கும் அளவுகோல் எதுவும் இல்லாத முறை அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று வோக்கர் தீர்ப்பளித்தார். அவருடைய கட்டளையை மேன்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். அருள் என்பது கொடுப்பவரின் குணம். உரிமை என்பது பெறுபவரின் உடைமை. அருளுக்குக் காத்திருப்பவன் கொடுப்பவரின் முகத்தைப் பார்க்கிறான். உரிமையுடையவனோ சட்டப் புத்தகத்தைப் பார்த்தாற் போதும்.

மக்கள் தந்த விடை

நீதிமன்றத்தில் நிலைக்காத மாற்றத்தை மக்கள் தம் வாக்கினால் கொணர்ந்தனர். அம்முயற்சியை முன்னின்று நடத்தியவர் டெஸ்மண்ட் மீட் என்பவர். போதைக்கு அடிமையாகி, சிறை சென்று, வீடின்றி அலைந்த அவர், 2005 இல் மயாமி நகரின் புகையிரதப் பாதையருகே சாவை எதிர்பார்த்து நின்றார். அன்று புகையிரதம் வரவில்லை. பாதையைக் கடந்து சென்று மறுவாழ்வு நிலையத்திற் சேர்ந்தார். பின்னர் கல்லூரியிற் பயின்று 2014 இல் சட்டப் பட்டமும் பெற்றார். 2016 இல் அவர் மனைவி மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் நின்றபோது, சட்டம் கற்ற கணவருக்கு மனைவிக்கு வாக்களிக்கும் உரிமை இல்லை.

அரசியலமைப்பைத் திருத்தும் பிரேரணை ஒன்றை மக்கள் வாக்குக்கு விடுவதற்கு 766,200 கையொப்பங்கள் தேவைப்பட்டன. மீட்டும் அவர் தோழரும் அத்தொகைக்கு மேலாகவே திரட்டினர். பரோல், நன்னடத்தைக் கண்காணிப்பு உட்படத் தண்டனையின் எல்லாக் கூறுகளையும் முடித்தவருக்கு வாக்குரிமை தானாகவே திரும்பும் என்பது அப்பிரேரணை. கொலைக்குற்றமும் பாலியற் பெருங்குற்றமும் புரிந்தோர் அதற்குப் புறம்பாயினர். நிறைவேறுவதற்கு 60 வீத ஆதரவு வேண்டும். 2018 நவம்பர் 6 ஆம் திகதி ஏறக்குறைய 65 வீதத்தினர் ஆதரித்தனர். அதே நாளில் நடந்த ஆளுநர் தேர்தலில் வென்றவர் பெற்ற வாக்கிலும் இப்பிரேரணை பெற்ற வாக்கு பத்து இலட்சத்துக்கு மேல் அதிகம். கட்சி வேறுபாடு கடந்த தீர்ப்பு அது. பதினான்கு இலட்சம் பேர் பயனடைவர் என மதிப்பிட்டனர். 2019 ஜனவரி 8 ஆம் திகதி திருத்தம் நடைமுறைக்கு வந்தது. மீட் அன்றே தம் பெயரைப் பதிந்தார்.

அளவறியாக் கடன்

ஆறு மாதம் கழியுமுன் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்ற, புதிய ஆளுநர் றொன் டிசான்டிஸ் அதில் ஒப்பமிட்டார். தண்டனை முடிவு என்பதில் தண்டப்பணம், நட்டஈடு, நீதிமன்றக் கட்டணம் ஆகியவற்றைச் செலுத்தி முடித்தலும் அடங்கும் என அச்சட்டம் விளக்கம் கூறியது. நீதிமன்றப் பதிவாளர்களின் செலவுக்கு அம்மாநிலம் கட்டணங்களையே பெரிதும் நம்பியிருக்கிறது. ஆகவே குற்றவாளி எனக் காணப்பட்டவர் ஏழையாயினும் கட்டணச் சுமை அவர்மேல் ஏறும். கட்டணத்தைக் குறைக்கவும் சமூகசேவையாக மாற்றவும் நீதிபதிகளுக்குச் சட்டம் இடமளித்தது உண்மையே. எனினும் பணக்கடனால் தடைப்பட்டோர் ஏழே முக்கால் இலட்சம் பேர் வரையில் இருப்பர் என்று வழக்கிலே சாட்சியம் கூறப்பட்டது.

அவ்வழக்கை விசாரித்தவர் நீதிபதி றொபேட் ஹிங்கிள். அவர்முன் வெளியான செய்திகள் வியப்பைத் தருவன. எவர் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை ஒருங்கே காட்டும் இடாப்பு மாநிலத்திடம் இல்லை. பல்கலைக்கழக ஆய்வாளர் குழுவொன்று 153 பேரைத் தேர்ந்து அவர்களின் கடன் கணக்கைத் தேடியது. மூவரைத் தவிர மற்றெல்லோருடைய பதிவுகளிலும் முரண்பாடு காணப்பட்டது. பரிசீலனைக்குக் காத்திருந்த பதிவுகள் 85,000. பணக்கடன் தொடர்பாக அவற்றுள் ஒன்றையேனும் மாநிலம் பார்த்து முடிக்கவில்லை. பெயரைப் பதிபவரோ, தகுதியுடையேன் என்று சத்தியம் செய்து ஒப்பமிடல் வேண்டும். தெரிந்து பொய்யுரைத்தால் அது மற்றொரு பெருங்குற்றம்!

2020 மே மாதம் ஹிங்கிள் இச்சட்டத்தின் பெரும்பகுதி செல்லாதெனத் தீர்த்தார். வாக்குக்கு வரி அறவிடுவதைத் தடைசெய்யும் 1964 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு இது முரண் என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. அவ்வாண்டு செப்டெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆறுக்கு நான்கு என்ற கணக்கில் அத்தீர்ப்பைப் புரட்டியது. கட்டணம் வரியன்று, தண்டனையின் பகுதியே என்பது அதன் முடிவு. உடனே செல்வர் மைக்கல் புளூம்பேர்க் முதலியோர் ஒரு கோடியே அறுபது இலட்சம் டொலர் வரையில் திரட்டி, பிறருடைய கடனைத் தீர்க்க முன்வந்தனர். தெமொஸ்தெனிசின் பலிபீடம் நினைவுக்கு வருகிறதல்லவா? ஆயினும் ஏதென்ஸ் நகரத்தார் ஒரு வகையில் பேறுடையோர். தம் நாவலர் ஐம்பது தாலந்து கட்ட வேண்டும் என்பதையேனும் அவர்கள் அறிந்திருந்தனர்.

2020 தேர்தலில் வாக்களித்த இருபது பேர், வாக்களிக்கத் தகுதியற்றவர்கள் எனக் கூறி 2022 ஓகஸ்டில் கைதானதாக ஆளுநர் அறிவித்தார். திருத்தத்துக்குப் புறம்பான குற்றங்களைச் செய்தவர்கள் அவர்கள் என்பது குற்றச்சாட்டு. ஆனால் அவர்களுட் பலருக்கு வாக்காளர் அட்டையை அனுப்பியதும் அரச அலுவலகமே. அறிந்து சொல்ல வேண்டிய அரசு அறியாது; அறிய வழியில்லாத மனிதன் அறிந்திருக்க வேண்டும். இதுவே அங்குள்ள நிலை.

வாக்கு ஒழிந்த ஏனைய உரிமைகளுக்கு இன்றும் கருணைச் சபையையே நாட வேண்டும். சட்டத்தரணிக்குரிய படிப்பை முடித்த மீட்டுக்கும் அவை 2021 ஒக்டோபரிலேதான் கிடைத்தன.

நம் நாட்டுச் சட்டம்

‘குடியியல் உரிமை’ என்னும் தொடர் ஈழத்து வாசகருக்குப் புதிதன்று. 1980 இல் முன்னாட் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமை ஏழு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டதும், 1986 இல் சனாதிபதி மீள வழங்கியதும் நாடறிந்தவை. அது விசேட ஆணைக்குழுவொன்றின் வழியாகப் பாராளுமன்றம் செய்த செயல், குற்றவியல் தண்டனையன்று. தண்டனை பெற்றோரின் வாக்கு பற்றி நம் அரசியலமைப்பின் 89 ஆம் உறுப்புரை கூறுகிறது. இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத சிறைக்குரிய குற்றத்துக்காக, ஆறு மாதங்களுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவர், அதை அனுபவிக்கும் காலத்திலும் முடிந்தபின் ஏழு ஆண்டுகளுக்கும் வாக்காளராக இருக்க முடியாது. முழு மன்னிப்புக் கிடைத்தால் தடை அன்றே நீங்கும். சிறை மீண்டவனை ஏழு ஆண்டு விலக்கிவைப்பது நெடிதன்றோ என்று நாம் வாதிடலாம், வாதிடவும் வேண்டும். ஆயினும் அத்தடைக்கு ஒரு முடிவுநாள் உண்டு. நாட்காட்டி வைத்திருக்கும் எவரும் அதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

புளோரிடாச் சட்டத்தை ஆதரிப்போரின் வாதத்திலும் ஒரு நியாயம் உண்டு. களவு கொடுத்தவர் தம் பொருளைத் திரும்பப் பெறாதிருக்க, களவு செய்தவன் கடன் தீர்ந்தது என்று கூறலாமா? கூடாது. நட்டஈடு செலுத்தப்படத்தான் வேண்டும். ஆனால் கடனை அறவிட வேறு வழிகள் நீதிமன்றத்திடம் உண்டு. வாக்கை அடகு பிடித்தல் அவற்றுள் ஒன்றாகாது. அவ்வாறு பிடிப்பதாயினும், கடன் இவ்வளவு என்று எழுதிக் கையிற் கொடுப்பது கடன் கொடுத்தவன் கடமை. கணக்குக் காட்டாத வட்டிக்காரனை ஊர் பொறுப்பதில்லை. அரசைமட்டும் பொறுப்பது எங்ஙனம்?

தண்டனை என்பது அளந்து கொடுக்கப்படுவது. இத்தனை ஆண்டு, இத்தனை பணம் என்று நீதிபதி மன்றிலே வாய்விட்டுக் கூறுவதனாலேயே அது பழிவாங்கலினின்றும் வேறுபடுகிறது. சிறைக்கூடத்துக்குள் மட்டுமன்றி வெளியிலும் அவ்வளவு பேணப்படுதல் வேண்டும். உரிமையைப் பறிக்கும் நாளைத் தீர்ப்பில் எழுதும் நாடு, அது மீளும் நாளையும் அதே தாளிலே எழுதுவதே முறை.