ரமாஷ்கா என்பது எந்தப் பூ?

கோடை தொடங்கும்போது ரஷ்யப் புல்வெளிகளில் எங்கும் கண்ணில் படும் பூ ஒன்று உண்டு. நெட்டைத் தண்டின் நுனியில் ஒற்றைப் பூ, நடுவில் மஞ்சள் வட்டம், சுற்றிலும் வெள்ளை இதழ்கள். அதன் ரஷ்யப் பெயரைத் தேடும் தமிழர் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகத்தான் போகவேண்டியிருக்கிறது. சிக்கல் அங்கேதான் முளைக்கிறது. ‘டெய்சி’ என்று தேடினால் அகராதி ‘மர்கரீத்கா’ என்கிறது. ரஷ்யர்களுக்கு அது தோட்டப் பாத்தியில் வளர்க்கும் குட்டைச் செடி. கொஞ்சம் கவனமாக ‘ஆக்ஸ்-ஐ டெய்சி’ என்று தேடினால் ‘நிவ்யானிக்’ கிடைக்கும். வயலைக் குறிக்கும் ‘நீவா’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தாவரவியல்படி சரியானதும்கூட. ஆனால் புல்வெளியில் நிற்கும் சாதாரண ரஷ்யரின் வாயில் வருவது ‘ரமாஷ்கா’தான். அதையே அகராதியில் திருப்பிப் பார்த்தால், மூலிகைத் தேநீர் போடும் கேமமைல் என்ற வேறொரு செடியைக் காட்டும். இந்த மூன்றில் முதலில் கற்கவேண்டியது, அகராதி பிசகாகக் காட்டும் அந்த ரமாஷ்காவைத்தான் என்பேன்.

காரணம், அந்தச் சொல்லை ரஷ்யர்கள் எங்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்பதில் இருக்கிறது. இதழ்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து, ‘காதல் உண்டா, இல்லையா’ என்று குறி பார்க்கும் விளையாட்டு ரஷ்யாவில் ரமாஷ்காவை வைத்துத்தான் நடக்கிறது. விரலால் பிய்க்கத் தோதான நீண்ட இதழ்கள் இருப்பது புல்வெளிப் பூவில். கேமமைலின் பூ சிறியது. முதிர முதிர அதன் இதழ்கள் கீழ்நோக்கி மடங்கிவிடும். குறி கேட்கப் பொறுமையான காதலர் வேண்டும்! 1911-இல் ரஷ்யாவில் காசநோய் ஒழிப்புக்கு நிதி திரட்ட ‘வெள்ளைப் பூ நாள்’ தொடங்கியபோது, அதன் அடையாளமும் ரமாஷ்காதான். அரச குடும்பத்தினரே யால்தாவில் பூ விற்றார்கள். 2008 முதல் ஜூலை 8-ஆம் நாள் கொண்டாடப்படும் குடும்பம், அன்பு, விசுவாசம் நாளின் சின்னத்திலும் அதே பூ, அதே பெயர். பேச்சிலும் விளையாட்டிலும் பொது விழாவிலும் ஒரு சொல் ஒரு பூவுக்கு இப்படி ஒட்டியிருக்கும்போது, ‘அது உண்மையில் ரமாஷ்கா அல்ல’ என்று திருத்தப் போவது வீண் வேலை.

‘ஆனால் சொல் பிறந்தது மருந்துச் செடிக்குத்தானே’ என்று கேட்கலாம். உண்மைதான். ரோமைக் குறிக்கும் லத்தீன் அடைமொழியிலிருந்து பிறந்து, போலிஷ் மொழி வழியாக ரஷ்ய மொழிக்குள் வந்த சொல் இது. மூலிகைக்கான பெயராக வந்தது, அதே முகச்சாயல் கொண்ட புல்வெளிப் பூவின் மேலும் படர்ந்தது. அந்தப் பூவுக்குப் ‘பப்போவ்னிக்’ போன்ற நாட்டுப்பெயர்கள் இருந்தும், பொதுப்பேச்சில் வென்றது ரமாஷ்காதான். ஒரு சொல் எங்கே பிறந்தது என்பது அது இன்று எங்கே குடியிருக்கிறது என்பதை முடிவு செய்வதில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ஒரே பெயரில் இரண்டு மூன்று செடிகள் திரிந்தால், தவறான பூவைப் பறித்துக் கஷாயம் வைத்துக் குடித்துவிட மாட்டார்களா? கவலை நியாயமானது, இந்த முகச்சாயலுள்ள செடிகளில் தோலைப் புண்ணாக்கக்கூடியதும் ஒன்று இருக்கிறது. ஆனால் ரஷ்ய மொழி இதற்கு எப்போதோ வழி செய்துவிட்டது. மருந்துச் செடியைத் தனித்துச் சொல்ல ‘ரமாஷ்கா அப்தேச்னயா’, அதாவது மருந்துக்கடை ரமாஷ்கா என்ற பெயர் இருக்கிறது. காட்டில் பறிப்பவருக்கோ எந்தப் பெயரும் காவல் அல்ல. மஞ்சள் மேட்டை நெடுக்காகப் பிளந்து பார்க்கவேண்டும். கேமமைலில் அது கூம்பாக, உள்ளே வெற்றிடமாக இருக்கும். புல்வெளிப் பூவில் தட்டையாக, சதைப்பற்றோடு இருக்கும். கேமமைலின் இலை நூல் நூலாகப் பிரிந்திருக்கும், கசக்கினால் வாசம் வரும். மற்றதன் இலை அகன்று, ஓரம் பல்பல்லாக இருக்கும். நிவ்யானிக் என்ற பெயரை மனப்பாடம் செய்தவர்கூட இதையெல்லாம் பார்த்தே ஆகவேண்டும்.

மக்கள் பெயர் குழப்பமானது, அறிவியல் பெயரோ அசையாதது என்ற நினைப்பும் இந்தப் புல்வெளிச் செடியிடம் எடுபடாது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இதைச் சாமந்தியோடு சேர்த்துக் கிரிசான்தெமம் பேரினத்தில் வைத்தார். 1779-இல் லமார்க் லூக்கான்தெமம் வல்காரே என்று பெயரிட்டார். ஆனாலும் இருபதாம் நூற்றாண்டிலும் பல நூல்கள் பழைய பெயரையே விடாமல் எழுதிவந்தன. வாசமில்லாத இன்னொரு ரமாஷ்காவை லின்னேயஸ் கேமமைலின் பேரினத்திலேயே வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதையும் பிரித்து வேறு வீட்டுக்கு அனுப்பினார்கள். நிபுணர்களே சேர்த்தும் பிரித்தும் வைத்த செடிகளை மக்கள் ஒரே பெயரில் அழைப்பதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

நிவ்யானிக்கை ஒதுக்கச் சொல்லவில்லை. தாவரக் கையேடு படிக்க, நாற்றுக்கடையில் செடி கேட்க அது உதவும். அதை இரண்டாவதாகக் கற்கலாம். ரமாஷ்காவை மட்டும் தனிச்சொல்லாகக் கற்காமல் வினையோடு சேர்த்துக் கற்பது நல்லது. ‘குறி பார்ப்பது’ என்று வந்தால் புல்வெளிப் பூ, ‘வேகவைப்பது’, ‘வாய் கொப்பளிப்பது’ என்று வந்தால் மருந்துச் செடி. எழுதும்போது முதல் எழுத்து ‘ரோ’ போலிருக்கும். அழுத்தம் ‘மா’வில் விழுவதால் வாய் ‘ர’ என்றே சொல்லும். ரஷ்யக் கதையைத் தமிழாக்குபவர் காதல் குறி பார்க்கும் இடத்தில் ‘கேமமைல்’ என்று எழுதினால், காதலி கையில் மருந்துப் பொட்டலம் வந்துவிடும். ‘வெள்ளைச் சாமந்தி’ என்று எழுதுவதில் பெரிய குற்றமில்லை. லின்னேயஸும் கிட்டத்தட்ட அப்படித்தானே நினைத்தார்.