மரத்தின் கோணலும் இழைப்பு யந்திரமும்

மரத்தை நேராக்கும் தச்சர் நூலையும் மனத்தை நேராக்கும் கல்வி நூலையும் ஒருங்கு வைத்து உவமித்தவர், 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவராவர். விசயமங்கலத்துச் சமணக் கோயிலோடு அவர் பெயரை இணைத்துக் கூறும் மரபு நம் கொங்கு நாட்டில் உண்டு. இலக்கணம் பயில்வார் அவ்வுவமையை மனனஞ் செய்வர். மரம் கோணுவது எதனால், அக்கோணலைத் தீர்ப்பது எவ்வாறு என வினவுவார் சிலரே.

பச்சை மரம் உலருங்கால் எப்புறமும் ஒருபடித்தாய்ச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், நடுவிலிருந்து புறநோக்கிய திசையினும் ஏறக்குறைய இருமடங்கு சுருங்கும். ஆதலின் அறுவை ஆலையிலிருந்து வரும் பலகை குழிந்தும் முறுக்கியும் வளைந்தும் இருக்கும். அதனைச் சமப்படுத்தும் யந்திரத்தில் இரண்டு மேடைகளும், அவற்றினிடையே சுழலும் கத்தி உருளையும் உள்ளன. பலகை புகும் மேடை சீவும் அளவுக்குத் தாழ்ந்திருக்கும். வெளிவரும் மேடை கத்தி நுனிக்குச் சமமாக நிற்கும். இது முதலில் ஒரு முகத்தைத் தட்டையாக்கும். பின்னர்ப் பக்கத் தடுப்பின் துணையால் ஓர் ஓரத்தை அம்முகத்துக்குச் செங்கோணமாக்கும். பலகை முழுவதையும் ஒரே கனமாக்குவது வேறு யந்திரத்தின் வேலை. கோணிய பலகையை நேரே அக்கன யந்திரத்துட் செலுத்தின், உருளைகள் அமுக்குங்கால் தட்டையாகி, வெளிவந்ததும் பழையபடி கோணிவிடும்.

இனி, சிறு யந்திரம் தெரியுமாறு காண்போம். முதலாவது, மேடைகளின் மொத்த நீளம். அந்நீளத்தின் இருமடங்கு வரையுள்ள பலகையை ஒருவாறு நேராக்கலாம் என்பது தச்சர் வழக்கு. 30 அங்குல மேடை 5 அடிப் பலகைக்குப் போதும். நாற்காலி, புத்தக அலமாரி செய்வார்க்கு இதுவே சாலும். கதவு நிலைக்கு ஆகாது. இரண்டாவது, கத்தியின் அகலம். 6 அங்குலம் தொடக்கநிலையினர்க்கு ஏற்றது. அதனினும் அகன்ற பலகையை அறுத்து, இழைத்து, மீண்டும் ஒட்டிக்கொள்ளலாம். மூன்றாவது, செம்மை. வாங்குமுன் நேர்கோலை இரு மேடைகள்மீதும் வைத்து ஒளி கசிகின்றதா என்று நோக்குக. தடுப்பை மூலைமட்டத்தால் சோதிக்க. வார்ப்பிரும்பு மேடை கனத்தால் அதிர்வைக் குறைக்கும். நான்காவது, கத்தி. பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலையில், கட்டைகளை மலைச்சரிவில் வழுக்கிவிட்டதனால் டாப்ஸ்லிப் எனப் பெயர் பெற்ற இடம் தேக்குக்குப் புகழ் வாய்ந்தது. அத்தேக்கினுள் மணற்சத்து இருத்தலின் கத்தி விரைவில் மழுங்கும். ஆதலின் எளிதிற் கழற்றித் தீட்டத்தக்க கத்தியுடையதைத் தேர்க.

பயன்படுத்துங்கால் குழிந்த பக்கத்தைக் கீழாக வைத்து, இழையோட்டத்தின் வழியே செலுத்துக. ஒருமுறைக்கு அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கு சீவினாற் போதும். ஓரடிக்குக் குறைந்த துண்டை யந்திரத்தில் இடற்க, கத்தி மூடியை அகற்றற்க, வெறுங்கையைக் கத்திக்கு மேலாகக் கொண்டு செல்லற்க, தள்ளுகட்டையே பிடிக்க. விரலிழந்தபின் வருந்திப் பயனில்லை.

பொருள் குறைந்தோர் நெடிய கை இழைப்புளியாலும் இவ்வேலையைச் செய்யலாம்; காலமும் உழைப்பும் மிகும் என்பதே வேறுபாடு. எக்கருவியாயினும் முதன் முகம் செம்மையுறாவிடின் அடுத்தவை செம்மையுறா. முதல் அளவு பிழைத்தால், அப்பிழை இறுதிப் பொருத்துவரை தொடர்ந்து வரும். இதனை உணர்ந்தவன் யந்திரத்தின் பளபளப்பைக் கண்டு மயங்கான். நேர்கோலைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குச் செல்வான்.