பிரேக் ஆயில்: பாட்டில் எண்ணை நம்பி வாங்கலாமா?

கேம் விளையாடும்போது பிராசசர் அதிகம் சூடானால், அது தானாகவே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக் கொள்ளும். வேகமான காரின் பிரேக்கிற்கு இந்த வசதி கிடையாது. சூடு எல்லை மீறினால் பெடல் தரை வரை இறங்கிவிடும், கார் நிற்காது.

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. அங்கு ஒவ்வொரு வளைவுக்கும் பலமாக பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்குகள் பல நூறு டிகிரி வரை சூடாகும். அந்தச் சூடு காலிப்பர் வழியே பிரேக் ஆயிலுக்குச் செல்கிறது. அது கொதித்தால் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவம் அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கும். நீங்கள் மிதிக்கும் அழுத்தம் முழுவதும் குமிழ்களை நசுக்குவதிலேயே போய்விடும். இதனை வேப்பர் லாக் என்கிறார்கள்.

ஆயில் என்று சொன்னாலும் இது எண்ணெய் அல்ல. கிளைகால் வகைத் திரவம். (எஞ்சின் ஆயிலைத் தவறுதலாக ஊற்றிவிட்டால் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும்.) காற்றில் உள்ள ஈரத்தை இது மெல்ல மெல்ல உறிஞ்சிக் கொள்ளும். இதனால்தான் இதற்கு இரண்டு கொதிநிலைகள் தரப்படுகின்றன. டாட் 4 புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும், 3.7 சதவீதம் நீர் சேர்ந்த பின் 155 டிகிரி போதும். டாட் 5.1க்கு இவை 260, 180.

இங்கு ஒரு குழப்பம் உண்டு. சாப்ட்வேர் பதிப்பு எண்களைப் பார்த்துப் பழகிய நாம், 5க்கு அடுத்த அப்டேட்தான் 5.1 என்று நினைப்போம். அப்படியல்ல. டாட் 5 சிலிக்கான் வகை. மற்றவற்றுடன் கலக்கவே கூடாது. உங்கள் காருக்கு அது வேண்டாம்.

பந்தயத்திற்கென்றே வரும் மோட்டுல் ஆர்.பி.எப். 600 புதிதாக 312 டிகிரியும், ஈரம் சேர்ந்தபின் 205 டிகிரியும் தாங்கும். ஆனால் ஆபீஸ் போய்வரும் காருக்கு இது வீண் செலவு என்பேன். ஆண்டுக்கணக்கில் மாற்றாத பந்தயத் திரவத்தைவிட, காலத்தில் மாற்றிய சாதாரண டாட் 4 நல்லது. பல நிறுவனங்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. பந்தயத் தளத்திற்குச் செல்பவர்கள் அதற்கும் முன்பே மாற்றிட வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். ஏ.பி.எஸ்., ஈ.எஸ்.பி. உள்ள கார்களில் சிறு கம்ப்யூட்டர் ஒன்று வால்வுகளை நொடிக்குப் பலமுறை திறந்து மூடுகிறது. திரவம் கெட்டியாக இருந்தால் இந்த வேலை தாமதப்படும். அதனால் சில கார்களுக்கு நீர்த்த தன்மையுள்ள டாட் 4 வகை குறிப்பிடப்படுகிறது. இதற்கான சோதனை மைனஸ் 40 டிகிரியில் நடப்பது. நம் ஊர் வெயிலுக்கு எதற்கு என்று தோன்றலாம். இருந்தாலும் கார் புத்தகம் கேட்டால் அதையே வாங்குங்கள்.

மாற்றுவதற்கு இருவர் வேண்டும். சீல் பிரிக்காத பாட்டிலையே பயன்படுத்தவும். மேலே உள்ள டேங்கில் புதியதை நிரப்பி, சக்கரத்தில் உள்ள பிளீடர் நிப்பிளில் தெளிவான டியூப்பை மாட்டவும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து பழையதை வெளியேற்றி மூடிட வேண்டும். மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். இல்லையெனில் காற்று உள்ளே போகும். புதிய திரவம் தெளிவாக வரும்வரை தொடரவும். எந்தச் சக்கரம் முதலில் என்பது காருக்குக் கார் மாறும்; புத்தகத்தைப் பார்த்துக் கொள்ளவும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவவும்.

டேங்க் காலியாகவே கூடாது. காலியாகி ஏ.பி.எஸ். யூனிட்டிற்குள் காற்று புகுந்தால், பல கார்களில் பெடலை மிதித்து மட்டும் ஏர் எடுக்க முடியாது. டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் ஸ்கேன் கருவியையோ, அதற்கான புரோகிராம் உள்ள லேப்டாப்பையோ இணைத்து, ஏ.பி.எஸ். பம்பை இயக்கித்தான் வெளியேற்ற வேண்டும். அந்த வசதி உள்ள ஒர்க் ஷாப்பிற்குக் காரை இழுத்துச் செல்லுங்கள். ஓட்டிச் செல்ல வேண்டாம்.

வேலை முடிந்ததும், காரை நகர்த்தும் முன் பெடலை அழுத்திப் பாருங்கள். ஸ்பாஞ்ச் போல அமுங்கினால் மீண்டும் ஏர் எடுத்திட வேண்டும்.