சினைப்பசுவை ஒளிக்க வேண்டாம்

தமிழில் 'மாடு' என்ற சொல்லுக்குச் செல்வம் என்றொரு பொருளும் உண்டு. ஊவாத் தோட்டங்களில் வாழும் நம் மக்களுக்கு அது அகராதியோடு நின்றுவிடும் பொருள் அல்ல. லயத்தின் பின்புறம் கட்டியிருக்கும் ஒற்றைப் பசுதான் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, மரக்கறிப் பாத்திக்கு எரு, அவசர வேளைக்குக் கைமுதல். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த மழையால் பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் மண் சரிந்தது. இத்தகைய அழிவுகளில் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேறிய குடும்பமொன்றுக்கு ஒரு பசு எஞ்சி, அதுவும் சினையாக இருக்குமானால், அந்தக் குடும்பத்தின் நாளைய நம்பிக்கை அதன் வயிற்றில்தான் இருக்கிறது.

ஆகவேதான், தடுப்பூசி போட வருகிறார்கள் என்ற செய்தி கிடைத்ததும் சினைப்பசுவை மானாக்காட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிவிடுவோர் உண்டு. "சினை மாட்டுக்கு ஊசி போட்டா கன்னு கலைஞ்சி போயிடும் சாமி" என்பார்கள். இந்த அச்சத்தை நாம் ஏளனம் செய்யலாகாது. அதில் ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் அது எல்லாத் தடுப்பூசிகளுக்கும் பொதுவான உண்மை அன்று. எந்த ஊசி, எந்த மாதம் என்ற இரண்டையும் அறிந்துகொண்டால் பசுவை ஒளிக்க வேண்டிய தேவை இராது.

இருவகைத் தடுப்பூசிகள்

தடுப்பூசிகளைப் பொதுவாக இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு வகையில் நோய்க்கிருமி முற்றாகக் கொல்லப்பட்டிருக்கும். செத்த கிருமி உடலில் பெருகாது. கன்றையும் தேடிப் போகாது. நம் பெரியவர்கள் கோமாரி என்று சொல்லும் கால்வாய் நோய், தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஆகியவற்றுக்கு வழக்கமாகப் போடப்படும் ஊசிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. நல்ல உடல்நிலையில் உள்ள சினைப்பசுவுக்கு இவற்றைப் போடலாம்.

மற்ற வகையில் உயிருள்ள கிருமியே வலுக்குறைக்கப்பட்டிருக்கும். இங்கேதான் கவனம் வேண்டும். கருச்சிதைவு நோய் எனப்படும் புருசெல்லோசிசுக்கு எதிரான 'எஸ் 19' ஊசி இவ்வகையைச் சேர்ந்தது. 1923இல் அமெரிக்காவில் ஜேர்சிப் பசுவொன்றின் பாலிலிருந்து பிரித்தெடுத்த கிருமி, ஆய்வுகூடத்தில் ஓராண்டுக்கு மேல் கிடந்து வீரியம் குறைந்ததால் கிடைத்தது இது. இந்த ஊசியைச் சினைப்பசுவுக்குப் போட்டால் கன்று கலைந்துபோக இடமுண்டு. மக்களின் அச்சத்துக்கு வேர் இதுவே. அதனால்தான் இதைப் பெண்கன்றுகளுக்கு மட்டும், இளம் வயதில், ஒருமுறை போடுகிறார்கள். இந்தியாவில் 2019இல் தொடங்கிய தேசியத் தடுப்பூசித் திட்டத்திலும் 4 முதல் 8 மாத வயதுள்ள பெண்கன்றுகளுக்கே இந்நோய்க்கான ஊசி போடப்படுகிறது.

அப்படியானால் உயிருள்ள கிருமி ஊசி யாவும் சினைக்கு ஆகாதா? அப்படியும் சொல்ல முடியாது. 1987இல் மாட்டு வெக்கை நோய் இலங்கையில் மீண்டும் புகுந்து வடக்கு கிழக்குப் பகுதிகளில் மாடுகளை மாய்த்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கென்யாவின் முகுகா ஆய்வு நிலையத்தில் வோல்டர் பிளவ்ரைட் என்ற கால்நடை அறிஞர் உருவாக்கிய வெக்கை நோய்த் தடுப்பூசி உயிருள்ள கிருமி ஊசிதான். ஆயினும் சினைப்பசு, கன்று என்ற வேறுபாடின்றிப் போடக்கூடியதாக அது அமைந்தது. அந்த ஊசியின் துணையோடுதான் உலகம் முழுவதிலும் வெக்கை நோய் ஒழிந்துவிட்டதென 2011இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே 'ஊசி' என்று பொதுவாகச் சொல்வதை விட்டு, "இது எந்த நோய்க்கான ஊசி? சினைக்கு ஆகுமா?" என்று பெயர் சொல்லிக் கேட்டறிவதே முறை.

ஊசியைத் தவிர்த்தால் என்ன நேரும்?

கால்வாய் நோய் 2014இல் நாட்டின் பல பகுதிகளில் பரவியது. வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம், கடுங்காய்ச்சல், தீனி எடுக்காமை ஆகியன அதன் அடையாளங்கள். அந்தக் காய்ச்சலே சினையைக் கலைத்துவிடக் கூடும். இளங்கன்றுகளின் இதயத்தை இந்நோய் தாக்குவதால், முதல்நாள் துள்ளிய கன்று மறுநாள் செத்துக் கிடப்பதுண்டு. ஊசிக்குப் பயந்து பசுவை ஒளிப்பவர், கன்றைக் காப்பதாக எண்ணிக்கொண்டு அதே கன்றை நோய்க்கு முன்னால் கட்டிவைக்கிறார்.

இன்னுமொரு நன்மையும் உண்டு. மனிதரைப் போலன்றி, பசுவின் வயிற்றிலுள்ள கன்றுக்குத் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி இரத்தத்தின் வழியே போய்ச் சேர்வதில்லை. பிறந்த பின் குடிக்கும் சீம்பால் வழியாகவே அது கிடைக்கிறது. உரிய காலத்தில் ஊசி பெற்ற தாயின் சீம்பாலில் அந்தச் சக்தி நிறைந்திருக்கும். கன்று பிறந்து முதல் சில மணி நேரத்துக்குள் வயிறாரச் சீம்பால் ஊட்டிவிட வேண்டும். பொழுது போகப் போக அதன் குடல் அச்சக்தியை உறிஞ்சும் திறனை இழந்துவிடும்.

மாதக் கணக்கு

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். செயற்கை முறையில் சினைப்படுத்திய திகதியைக் குறித்து வையுங்கள். முகாமில் சீட்டு நனைந்துபோகும். பிள்ளையின் அப்பியாசக் கொப்பியில் எழுதி, பொலித்தீன் உறையில் இட்டு வைப்பது நல்லது.

எல்லா ஊசிகளையும் சினைப்படுத்துவதற்கு ஒரு மாதமேனும் முன்னதாகப் போட்டு முடிப்பதே சிறந்த வழி. நாகுகளுக்கு இது முக்கியம். சினை தரித்த முதல் இரண்டு மாதங்களில் கரு பலவீனமானது. அக்காலத்தில் காய்ச்சலோ கடும் அலைச்சலோ அதைக் குலைக்கலாம். கடைசி மாதத்தில் பசு பாரம் மிகுந்து நிற்கும். அப்போது ஊசி மருந்தைவிட, இழுத்து மடக்கிப் பிடிப்பதே பெரிய ஆபத்து. இவ்விரு பருவங்களிலும் இப்போதே போடுவதா, சில வாரம் பொறுப்பதா என்பதைக் கால்நடை வைத்தியர் தீர்மானிக்கட்டும். அருகில் நோய் பரவியிருந்தால் பொறுத்திருப்பதே கூடுதல் ஆபத்தாகலாம்.

ஆதியாகமத்தில் யாக்கோபு தன் குடும்பத்தோடும் மந்தையோடும் ஊர்விட்டு ஊர் பயணப்படுகிறான். புறப்பட்டுப் போவோம் என்று அண்ணன் ஏசா அழைக்கும்போது, குட்டியும் கன்றுமாய்ப் பால் கொடுக்கும் கால்நடைகள் இருக்கின்றன, ஒரு நாள் விரட்டினாலும் மந்தை மாண்டுவிடும் என்று சொல்லி மெதுவாகவே நடத்திச் செல்கிறான். இடம்பெயர்ந்த ஒருவனின் அந்த அறிவு இன்றைக்கும் பொருந்தும். சினைப்பசுவைத் தடுப்பூசி நிலையத்துக்குச் செங்குத்துப் பாதையில் விரட்டிக்கொண்டு போகாதீர்கள். கட்டிய இடத்திலேயே, வெயில் ஏறுமுன், பழகியவர் பிடித்திருக்க ஊசி போடக் கேளுங்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் வேறு ஊசி முனை பயன்படுத்துவதைக் கவனியுங்கள்.

ஊசிக்குப் பின்

ஓரிரு நாள் பால் சற்றுக் குறையலாம். இலேசான காய்ச்சலோ ஊசி போட்ட இடத்தில் தடிப்போ வரலாம். இவை தாமாகவே மாறிவிடும். மூச்சுத் திணறல், முகவீக்கம் போன்றவை அரிதாக வரும். வந்தால் முதல் மணி நேரத்துக்குள்ளேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆகவே வைத்தியக் குழு புறப்படுமுன் உங்கள் பசுவை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவேளை கன்று கலைந்துவிட்டால் ஊசியைப் பழித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். ஐந்தாம் மாதத்துக்குப் பின் கலைவது புருசெல்லோசிசின் அடையாளமாக இருக்கலாம். அந்நோய் மனிதரையும் தொற்றும். விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியும் மாதக்கணக்கில் வாட்டும். விழுந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். கர்ப்பிணிப் பெண்களையும் பிள்ளைகளையும் அண்ட விடாதீர்கள். வைத்தியருக்கு உடனே அறிவித்து, அவர் சொற்படி ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதையுங்கள். முகாமில் நாய்கள் இழுத்துச் சென்றால் நோய் வீடு வீடாகப் போகும். பாலைக் கொதிக்க வைக்காமல் அருந்த வேண்டாம்.

முகாமிலும் புதுக் குடியேற்றத்திலும்

பல தோட்டத்து மாடுகள் ஒரே தண்ணீர்த் தொட்டியிலும் ஒரே மேய்ச்சலிலும் கலக்கும் இடத்தில் நோய் பரவுவது எளிது. புதிதாக வரும் மாட்டை இரண்டு மூன்று வாரமாவது தனியே கட்டுங்கள். நிவாரணமாகச் சினை நாகு தரும் நிறுவனங்களிடம் ஊசி அட்டையையும் சினைப்படுத்திய திகதியையும் கேட்டு வாங்குங்கள். கேட்பது நன்றி மறந்த செயலல்ல. அது உங்கள் உரிமை.

ஏழாம் மாதத்தில் ஒரு கன்று கலைந்தால், மறுபடி சினைப்படுத்திக் கன்று ஈனும்வரை ஓராண்டு போலக் கழிந்துவிடும். எல்லாவற்றையும் இழந்து வந்த குடும்பத்துக்கு அது நீண்ட காலம். எனவே அடுத்த தடுப்பூசி நாளில் பசுவைக் காட்டில் கட்டாமல் கொட்டிலில் கட்டுங்கள். வைத்தியர் கேட்குமுன் நீங்களே நான்கு செய்திகளைச் சொல்லுங்கள்: பசு எத்தனை மாதச் சினை, முன்பு எப்போது என்ன ஊசி போட்டது, முன்பு எப்போதாவது கன்று கலைந்ததா, இப்போது ஏதும் நோய் உண்டா. பசுவால் பேச முடியாது. அதற்காகப் பேச வேண்டியவர்கள் நாம்தான்.