அடைக்கலம் என்றொரு பெயர்

அடைக்கலம், சகாயம், ஆரோக்கியம், வியாகுலம். திருச்சிராப்பள்ளி வட்டாரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் பாட்டன் பாட்டி காலம் தொட்டு வழங்கிவரும் பெயர்கள் இவை. நான்கும் மரியாளின் பட்டங்களிலிருந்து வந்தவை. கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் அவள் அடைக்கல மாதா. பாலக்கரையில் சகாய மாதா. வேளாங்கண்ணியில் ஆரோக்கிய மாதா. மகனின் சாவைக் கண்ணால் கண்ட தாயாக நிற்கும்போது வியாகுல மாதா. வெற்றியையோ செல்வத்தையோ சொல்லும் பெயர் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஒண்ட இடம் தேடியவர்களும் நோயில் விழுந்தவர்களும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் எதை வேண்டி நின்றார்களோ, அதையே பிறந்த குழந்தைக்குப் பெயராக வைத்தார்கள். காவிரிக் கரையில் கிறிஸ்தவ விசுவாசம் எந்த மண்ணில் வேர்விட்டது என்பதை இந்தப் பெயர்களே சொல்லிவிடுகின்றன.

ஏலாக்குறிச்சிக்கு அடைக்கல மாதா என்ற பட்டம் வந்தது வீரமாமுனிவரால். இத்தாலியில் பிறந்து, கொன்ஸ்தான்சோ பெஸ்கி என்ற பெயரோடு தமிழகம் வந்த இயேசு சபைத் துறவி அவர். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிறிஸ்தவரானவர்கள் ஊராரின் பகையையும் பாளையக்காரர்களின் கெடுபிடியையும் ஒருசேரத் தாங்க வேண்டியிருந்தது. அப்படி விரட்டப்பட்டவர்கள் வந்து தங்கிய ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அங்குள்ள அன்னை மீது ‘திருக்காவலூர்க் கலம்பகம்’ பாடினார். 1726-இல் முடிந்ததாகச் சொல்லப்படும் அவருடைய ‘தேம்பாவணி’ 3,615 பாடல்கள் கொண்ட பெருங்காப்பியம். அதன் தலைவன் அரசன் அல்லன்; தச்சுவேலை செய்து பிழைத்த சூசை. கைக்குழந்தையைக் காப்பாற்ற இரவோடிரவாக நாட்டைவிட்டு எகிப்துக்கு ஓடிய ஒரு குடும்பத்தின் வழிநடைத் துயரம் அதில் விரிவாகப் பாடப்பட்டிருக்கிறது. ஊர்விட்டு ஊர் ஓடிவந்தவர்களுக்கு இது வேற்றுநாட்டுக் கதையாகத் தோன்றியிருக்க வழியில்லை.

அந்த நூற்றாண்டின் நடுவில் திருச்சிக்கே கேடுகாலம் வந்தது. ஆர்க்காட்டு நவாப் பதவிக்காக முகமது அலியும் சந்தா சாகிபும் மோதிக்கொள்ள, ஒருவர் பின்னால் ஆங்கிலேயரும் மற்றவர் பின்னால் பிரெஞ்சுக்காரரும் நின்றார்கள். மலைக்கோட்டையைச் சுற்றி முற்றுகை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள ஸ்ரீரங்கம் படைகளின் பாசறையானது. அங்கே கோயில் மதில்களுக்குள்ளேயே தங்கியிருந்த பிரெஞ்சுப் படை 1752 ஜூனில் சரணடைந்தது. படைகள் வந்து போகும் வழியில் இருந்த கழனிகளின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. வழிபாட்டுக்கு வந்தவரும் உழுது பிழைத்தவரும் எந்தச் சமயத்தவராயினும் துன்பம் ஒன்றுதான்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1762-இல் தரங்கம்பாடியிலிருந்து திருச்சிக்கு வந்து தங்கினார் கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ். பிரஷ்யாவில் 1726-இல் பிறந்த லுத்தரன் சபைக் குரு. ஜெர்மனியில் ஹாலே நகரில் படிக்கும்போதே தமிழ் கற்றுக்கொண்டு, 1750-இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தவர். திருச்சியில் அவருக்குக் கிடைத்தது ஒரு பழைய கட்டடத்தில் கட்டிலும் அவரும் மட்டுமே கொள்ளும் அறை. சம்பளம் மாதம் பத்து வராகன். கறுப்புச் சாயம் தோய்த்த சாதாரணப் பருத்தித் துணியில் அங்கி. உணவு, நம் ஊர்ப் பக்குவத்தில் சமைத்த சோறும் காய்கறியும். அவரோடு பழகிய ஓர் ஆங்கிலேயர் எழுதிவைத்த குறிப்பிலிருந்து இவை தெரியவருகின்றன. அறநூல்களை விளக்க எத்தனையோ பேர் இருக்கலாம். அந்த அறையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

மறு ஆண்டே சோதனை வந்தது. 1763-இல் கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு தீப்பற்றி வெடித்தது. படைவீரர்கள் பலர் மாண்டார்கள். அவர்களின் பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். சுவார்ட்ஸ் பட்டாளத்தாரிடமும் அதிகாரிகளிடமும் கையேந்திப் பணம் திரட்டி அந்த அநாதைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1764-இல் மதுரை முற்றுகையில் காயம்பட்டவர்களைப் பராமரிக்கப் போனபோது நவாப் அவருக்கு 300 வராகன் அன்பளிப்புக் கொடுத்தார். அதுவும் பள்ளிக்கே போய்ச் சேர்ந்தது. பட்டாளத்தாரும் மற்றவர்களும் கொடுத்த காசில் கோட்டைக்குள் எழுந்த கிறிஸ்து ஆலயம் 1766 மே 18 அன்று திறக்கப்பட்டது. தெப்பக்குளத்துச் சந்தடிக்குப் பக்கத்தில் அது இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.

சுவார்ட்ஸ் கம்பெனியின் கோட்டையில் இருந்தவர், பின்னாளில் கம்பெனிப் பட்டாளத்தின் குருவாகச் சம்பளமும் பெற்றவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஜனங்கள் நம்பியது கம்பெனியை அன்று. ஹைதர் அலியுடன் நடந்த இரண்டாம் மைசூர்ப் போரின்போது, 1780-க்குப் பின், அதற்குள் சுவார்ட்ஸ் குடிபெயர்ந்திருந்த தஞ்சைச் சீமை பஞ்சத்தில் விழுந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் தினம் காலையில் தெருக்களில் பிணங்கள் கிடந்தன. கோட்டைக்கு வெளியே நெல் இருந்தது. உள்ளே கொண்டுவர வண்டிமாடு இல்லை. முன்பு மாடு கொடுத்தவர்களுக்குக் கூலி தராமல் ஏமாற்றியிருந்தபடியால் அரசரின் பேச்சையும் ஆங்கிலேயரின் பேச்சையும் குடியானவர்கள் காதில் வாங்கவில்லை. கடைசியில் சுவார்ட்ஸ் தம் பெயரில் கடிதம் எழுதினார்: கூலிக்கும் விலைக்கும் தாமே பொறுப்பு. ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து நின்றன. சில நாட்களில் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. வந்தவர் ஒவ்வொருவருக்கும் பணம் எண்ணிக் கொடுக்கப்பட்டது. அதற்கு முன்னரே, விலை மலிவாக இருந்தபோது வாங்கிச் சேர்த்துவைத்த நெல்லைக் கொண்டு அவர் பசித்தவர்களுக்குச் சோறு போட்டிருந்தார்.

போர் ஓய்ந்த பின்னும் வரிக் கொடுமை தாங்காமல் ஊரைக் காலிசெய்து போன உழவர்களை எவராலும் திரும்ப அழைக்க முடியவில்லை. அப்போதும் அவர் வாக்குக் கொடுத்த பிறகு ஒரே நாளில் 7,000 பேர் வயலுக்குத் திரும்பினார்கள். ‘விசுவாசம்’ என்ற சொல்லுக்குத் தமிழில் இறைநம்பிக்கை என்ற பொருளும் உண்டு, நம்பினவரைக் கைவிடாமை என்ற பொருளும் உண்டு. சுவார்ட்ஸ் ஐயரிடம் இந்த இரண்டும் ஒன்றாகவே இருந்தன. 1798 பிப்ரவரி 13 அன்று அவர் தஞ்சையில் இறந்தபோது, அவரைத் தந்தையாகக் கருதிய இளவரசர் சரபோஜி இந்து சமயத்தவராகவே இருந்தார். லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு, மரணப் படுக்கையில் கிடக்கும் சுவார்ட்ஸின் கையைத் தாம் பற்றியிருக்கும் பளிங்குச் சிற்பத்தைச் செய்வித்துத் தஞ்சைத் தேவாலயத்தில் வைத்தார்.

சுவார்ட்ஸ் போனபின் திருச்சிச் சபை மேய்ப்பனில்லாமல் வறுமையில் கிடந்தது. அதைப் பார்க்க வந்த கல்கத்தா பிஷப் ரெஜினால்டு ஹீபர், 1826 ஏப்ரல் 3 அன்று அதிகாலையில் கோட்டை ஆலயத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் கொடுத்து, ஆசிமொழியைத் தமிழிலேயே சொன்னார். ஏழை ஜனங்களுடன் நின்று பேசிவிட்டுத் திரும்பியவர், அன்று காலையே குளிக்க இறங்கிய நீர்த்தொட்டியில் இறந்தார். வயது 42. பரிசுத்த யோவான் ஆலயத்தில் பலிபீடத்தருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார். உதவி வருமென்று காலையில் நம்பியிருந்தவர்களுக்கு அன்று மாலை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். பள்ளியும் சபையும் அதோடு முடிந்துவிடவில்லை. சுவார்ட்ஸ் தொடங்கிய கல்விப் பணியின் வழியில் வந்த கல்லூரி இன்று பிஷப் ஹீபர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதே 1826-இன் அக்டோபரில் திருச்சிக்கு அருகே குளத்தூரில் பிறந்தவர் வேதநாயகம் பிள்ளை. கத்தோலிக்கக் குடும்பம். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வேலை பார்த்து, பிறகு முன்சீப் ஆகி, மாயூரத்தில் ஓய்வுபெற்றவர். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர் என்றே பலர் அவரை அறிவார்கள். தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தில் பல இலட்சம் பேர் மடிந்தபோது அவர் தம் சொத்தை எடுத்துக் கஞ்சி ஊற்றினார் என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ பாடிய சைவரான கோபாலகிருஷ்ண பாரதி, இந்தக் கொடையைக் கண்டு அவர்மேல் பாட்டுப் பாடினார். பஞ்சத்தின்போது மழைக்கும் அன்னத்துக்கும் கடவுளை மன்றாடி வேதநாயகம் பிள்ளை இயற்றிய பாடல்கள் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’யில் உள்ளன. எந்தச் சமயத்தவரும் பாடக்கூடியவை அவை. பசி எல்லார் வீட்டிலும் இருந்தது. மன்றாட்டு மட்டும் ஒரு வீட்டுக்கு உரியதாக இருக்க அவர் விடவில்லை.

இந்த மன்றாட்டுக்கு விவிலியத்தில் பழைய வேர் உண்டு. கத்தோலிக்கர் திருப்பாடல்கள் என்றும் புராட்டஸ்டண்டினர் சங்கீதங்கள் என்றும் சொல்லும் 150 பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். ஏன் கைவிட்டீர், எத்தனை காலம் என்று கடவுளிடமே நேராகக் கேட்பவை. சிலுவையில் தொங்கிய இயேசு சொன்னது 22-ஆம் சங்கீதத்தின் முதல் அடி. ஆகவே அழுகையைக் கிறிஸ்தவ மரபு விசுவாசக் குறைவாக எண்ணுவதில்லை. யோபுவின் கதையில், எல்லாவற்றையும் இழந்தவனைக் காண வந்த மூன்று நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றே. வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போய், ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டு வரும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு யோபுவின் நண்பர்கள் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை.

திருச்சியின் சபைகளில் அந்த உட்கார்தல் முறையாகவே நடக்கிறது. துக்க வீட்டில் மாலைதோறும் அக்கம்பக்கத்தார் கூடி ஜெபமாலை சொல்கிறார்கள். கத்தோலிக்கப் பங்குகளில் சில தெருக்களுக்கு ஓர் அன்பியம் என்று வைத்து வீடுவீடாகக் கூடுகிறார்கள். திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையிலும் தென்னிந்தியத் திருச்சபையிலும் குடும்ப ஜெபக் கூட்டங்கள் அதே வேலையைச் செய்கின்றன. வேலை போனவர், ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பவர், மகளின் வாழ்க்கையை நினைத்துத் தூங்காதவர் என்று யார் எதற்காக ஜெபிக்கக் கேட்டார் என்பது அந்தத் தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. ஜெபம் முடிந்தபின் ஆஸ்பத்திரிக்கு யார் சோறு கொண்டுபோவது என்ற பேச்சும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

புதன்கிழமை சகாய மாதா நவநாள். உலக மீட்பர் சபையார் உலகெங்கும் பரப்பிய இந்தப் பக்திக்குத் திருச்சியில் பாலக்கரை பசிலிக்காவே தலைவாசல். அதன் மூலப்படம் ரோம் நகரில் புனித அல்போன்சு ஆலயத்தில் இருக்கிறது. 1866-இல் போப் ஒன்பதாம் பத்திநாதர் அதை அந்தச் சபையாரிடம் ஒப்படைத்தார். பிரதிகள் நம் வீட்டுச் சுவர்களிலும் ஆட்டோக் கண்ணாடிகளிலும் இருந்தாலும் நின்று பார்ப்பவர்கள் குறைவு. இரு பக்கமும் வானதூதர்கள்: ஒருவர் கையில் ஈட்டியும் கடற்பஞ்சும், மற்றவர் கையில் சிலுவையும். வரப்போகும் பாடுகளைக் குழந்தை இயேசு திரும்பிப் பார்த்துவிட்டது. பயந்து ஓடிவந்து தாயின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓடிவந்த வேகத்தில் ஒரு செருப்பு கழன்று, வாரில் தொங்குகிறது. தூதர்களை விரட்டத் தாய் கை ஓங்கவில்லை. குழந்தைக்குக் கையைக் கொடுத்துவிட்டு, படத்தின் முன் நிற்பவரையே பார்க்கிறாள்.

நவநாளில் மன்றாட்டுகளும் நன்றிகளும் எழுதிக் கொடுக்கப்படுவது வழக்கம். துண்டுத்தாளில், பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த பக்கத்தில், கல்யாணப் பத்திரிகையின் பின்புறத்தில். நன்றி எழுதுகிறவர்கள் குணமான நோயையும் கிடைத்த வேலையையும் சொல்கிறார்கள். கேட்டது கிடைக்காதவர்களும் அடுத்த புதன்கிழமை வருகிறார்கள்.